கரையான் தின்ற இண்டெக்ஸும் கன்னியம்மாளின் நிலமும்

என்னோடு வேலை பார்த்த தேவசகாயத்தின் மகள் கிரேஸ் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன மாதம் காஞ்சிபுரம் வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. என்னம்மா ஆயிற்று என்று கேட்டேன். அவர்கள் சர்வரில் மாஸ்டர் டேட்டாபேஸ் கெட்டுப்போய்விட்டதாம். "தகவலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல அங்கிள், அப்படியே பத்திரமா இருக்குது. எது எங்க இருக்குதுன்னு சர்வருக்குச் சொல்றது ஒண்ணு இருக்குது பாருங்க, அதுதான் போயிடுச்சு. அது இல்லாம சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது" என்றாள். காலியாகப் புதிதாக ஒன்றைக் கட்டி, அதில் பழைய விவரங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, மூன்று நாள் போராடி மீட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம். அதே வேலையை உன் அப்பாவும் நானும் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு ஒன்றேகால் வருடம் செய்தோம் என்று சொன்ன பிறகுதான் கோபம் தணிந்தது. அப்பா வீட்டில் இதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆபீஸில் எல்லோரும் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவனை அறுபதுகளின் நடுவில் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி இருந்த ஆபீஸ்களில் அது எது என்று மட்டும் சொல்ல மாட்டேன். முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பதிவுக்கு வரும் ஒவ்வொரு பத்திரத்தையும் தடித்த புத்தகத்தில் கையால் நகல் எடுக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை எழுதினேன். நடுவிரல் காய்த்துப் போயிற்று. கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நஞ்சை என்று தூக்கத்தில்கூட உளறுவதாக என் மனைவி கேலி செய்வாள். ஊரார் நிலமெல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை.

நகல் எடுத்து முடித்ததும் ஒருவர் மூலப் பத்திரத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் நகலில் விரல் ஓட்டிக்கொண்டே ஒத்துப் பார்ப்பார். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் படிக்கக் கிடைத்தவன் தேவசகாயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசித்துப் பழகிய குரல். கிணற்றில் நாலில் ஒரு பங்கு, மாடு கட்டிக் கவலை ஓட்டி நீர் இறைக்கும் பாத்தியதை என்பதையெல்லாம் அவன் படித்துக் கேட்டால் பக்தியே வந்துவிடும்.

சார்பதிவாளர் கரீம் சார் ஆற்காட்டுக்காரர். மெலிந்த உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, இரும்பு ஃபிரேம் கண்ணாடி. எழுதிக் கொடுத்தவரைப் பார்த்து, இது நீங்கள் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்ததுதானா என்று கேட்கும்போது மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். ஒருவன் தன் நிலத்தை விட்டுக் கொடுக்கும் நேரத்தில் நாம் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்றார். யாரையும் திட்ட மாட்டார். எழுதியதில் பிழை இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன பிழை என்று நாமேதான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

நகல் இருக்கும் புத்தகத்துக்கு ஒன்றாம் புத்தகம் என்று பெயர். அது வருடத்துக்குப் பல தொகுதிகள். பத்திரம் வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவதால், ஒரு நிலத்தைப் பற்றி அதில் தேடினால் ஆயுசு போதாது. அதற்குத்தான் இண்டெக்ஸ். கிராமம் கிராமமாக, சர்வே நம்பர் வரிசையில், இந்த நிலத்தைப் பற்றிய பத்திரம் இத்தனையாம் தொகுதியில் இத்தனையாம் பக்கம் என்று சொல்லும் தனிப் பதிவேடு. யாராவது நிலம் வாங்கப் போனால் வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போடுவார்கள். நாங்கள் இண்டெக்ஸைத் தேடி, இன்னின்ன பத்திரம் ஆகியிருக்கிறது என்றோ, ஒன்றும் இல்லை என்றோ எழுதிக் கொடுப்போம். அந்தத் தாளை நம்பித்தான் இந்தப் பக்கத்து நிலம் எல்லாம் கை மாறியது.

இண்டெக்ஸ் அவ்வளவு முக்கியம் என்பதால் அதற்கு ராஜமரியாதை செய்தோம். ஒன்றாம் புத்தகங்களைச் சாதாரண இரும்பு ராக்கில் அடுக்கிவிட்டு, இண்டெக்ஸை மட்டும் வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு பீரோவில், பூட்டுப் போட்டு, சுவரோடு ஒட்டி வைத்தோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமமும் அந்த பீரோவுக்குத்தான். முன் வரிசையில் அண்மை வருடங்களின் இண்டெக்ஸ், தினமும் கைபடும். பின் வரிசையில் பழையவை, எப்போதாவது எடுப்போம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். விடாமல் மழை. நீண்ட காலத்துக்கு வில்லங்கம் கேட்டு ஒரு மனு வந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு தொகுதியை இழுத்தேன். முதுகு அட்டை மட்டும் கையோடு வந்தது, மீதி மண்ணாகக் கொட்டியது. ஈரச் சுவர் வழியாகக் கரையான் பீரோவின் முதுகுப் பலகைக்குள் புகுந்து, ஐம்பதுகளின் நடுவிலிருந்து பத்து வருடத்து இண்டெக்ஸைத் தின்று முடித்திருந்தது. இரும்பு ராக்கில் அனாதையாகக் கிடந்த ஒன்றாம் புத்தகங்களுக்கு ஒரு கீறல் இல்லை. கரீம் சார் வந்து பார்த்தார். மண்ணைக் கையில் அள்ளி மேஜைமேல் ஒரு தாளில் கொட்டி, தாளை மடித்து வைத்தார். மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்றார்.

பிரதி கிடையாது. அந்தப் பத்து வருடத்தைத் தொடும் எந்த மனுவுக்கும் பதில் சொல்ல முடியாமல் ஆபீஸ் நின்றுபோயிற்று. பத்திரம் எல்லாம் இருக்கிறது, ஆனால் எது எங்கே என்று கேட்டால் தெரியாது. புத்தகங்களிலிருந்தே இண்டெக்ஸைத் திரும்பக் கட்டலாம் என்று கரீம் சார் எழுதி அனுமதி வாங்கினார். என்னையும் தேவசகாயத்தையும் அதற்கென்றே உட்கார வைத்தார்.

எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன், கிரேஸின் ஆபீஸ்காரர்களுக்காக. நேராகப் புதுப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்பது கரீம் சார் போட்ட முதல் விதி. பத்திரங்கள் தேதி வரிசையில் வரும், இண்டெக்ஸ் நிலத்தின் வரிசையில் வேண்டும். நேராக எழுதினால் நடுவே நுழைக்க இடம் இருக்காது. அதனால் பழைய ஃபாரங்களின் வெற்றுப் பக்கத்தைச் சீட்டுச் சீட்டாகக் கத்தரித்துக்கொண்டோம். தேவசகாயம் புத்தகத்தைப் படிப்பான், நான் சீட்டில் எழுதுவேன். ஒரு பத்திரத்தில் ஐந்து சர்வே நம்பர் இருந்தால் ஐந்து சீட்டு. கிராமத்துக்கு ஒரு பெட்டி வேண்டுமே, அதற்குப் பட்டுக்கடைகளில் கேட்டு, சேலை வைக்கும் அட்டைப் பெட்டிகளை வாங்கி வந்தேன். மேலே ஜரிகைச் சேலை கட்டிய பெண்ணின் படம், கீழே பசை தடவி ஒட்டிய கிராமத்தின் பெயர். ஒரு வருடத்துப் புத்தகங்கள் முடிந்ததும் பெட்டியில் உள்ள சீட்டுகளை நம்பர் வரிசையில் அடுக்கி, தறியில் மிஞ்சிய பாவு நூலால் கட்டி, அதன் பிறகே பதிவேட்டில் ஏற்றுவோம்.

விட்டுப்போகாமல் இருக்க இன்னொரு ஏற்பாடும் செய்தேன், அது என் யோசனை. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றிலிருந்து கடைசிப் பத்திரம் வரை எண்களை எழுதி, சீட்டு எழுதிய எண்ணை அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு எண் அடிபடாமல் நின்றாலும் அன்று வீட்டுக்குப் போக மாட்டோம். கரீம் சார் வாரம் ஒருமுறை வந்து, ஏதாவது ஒரு தொகுதியைப் பிரித்து ஒரு பக்கத்தில் விரல் வைத்து, இதை இண்டெக்ஸில் காட்டுங்கள் என்பார். காட்டுவோம். பிறகு இண்டெக்ஸில் ஒரு வரியில் விரல் வைத்து, இதைப் புத்தகத்தில் காட்டுங்கள் என்பார். அதையும் காட்டுவோம். ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒன்றேகால் வருடம் கழித்துப் பத்து வருடத்து இண்டெக்ஸ் புதுத் துணி பைண்டிங்கில் வந்து நின்றபோது, அவர் கடைசித் தொகுதியை முழுதும் புரட்டிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தலையில் கொம்பு முளைக்காத குறைதான்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை, ஐயம்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கன்னியம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. அப்பா கொடுத்த அறுபத்து மூன்று சென்ட் நிலத்தில் பயிர் வைத்து இரண்டு பெண் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நிலத்தை அவள் அண்ணன் விற்கப் போகிறான், வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நிலம் இன்னும் செத்துப்போன அப்பா பேரில்தான் இருக்கிறது, தங்கைக்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது அண்ணன் பேச்சு. அதற்குச் சாட்சியாக அவன் ஊரில் காட்டிக்கொண்டிருந்தது, நான் தேடி எழுதிக் கொடுத்த வில்லங்கச் சான்று. ஒன்றும் இல்லை என்று முத்து முத்தாக நான்தான் எழுதியிருந்தேன்.

"இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே சார்" என்றாள். "எங்கப்பா கைநாட்டு வச்சப்ப நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். பத்திரத்த அண்ணன்தான் பத்திரமா வக்கிறேன்னு வாங்கிக்கினான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு எண் விடாமல் அடித்துப் பார்த்த இண்டெக்ஸ், இதில் இல்லையென்றால் இல்லைதான் என்று அவளிடம் பெருமையடித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியிடம் என் இண்டெக்ஸின் மகிமையைப் பேசினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எந்த ஆபீஸில் பதிவு செய்தார்கள் என்று கேட்டதற்கு, ஆபீஸே இல்லை, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி என்றாள். அப்பா ஒடிந்த காலை மேலே கட்டிப் படுத்துக் கிடந்தபோது ஒரு ஆபீசர் மைப்பெட்டியோடு கட்டிலுக்கே வந்து பதிவு செய்தாராம். எந்த வருடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னவள் வயிற்றில் இருந்த சமயம், அவ்வளவுதான். அப்படியானால் மெட்ராஸில் போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போகவில்லை. வெளியே புளியமரத்தடியில் பத்திர எழுத்தர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்குத் தபால் வந்தது. அதில் மெட்ராஸிலிருந்து ஒரு கவர். நம் பகுதி நிலத்தை வேறு ஊர் ஆபீஸில் பதிவு செய்தால், அந்த ஆபீஸ் அதன் விவரத்தை நமக்கு ஒரு மெமோவாக அனுப்பும். அதை நாம் இண்டெக்ஸில் ஏற்றிவிட்டு, தனியே ஒரு கோப்பில் குத்தி வைப்போம். மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். நானும் பழக்க தோஷத்தில் கவரைப் பிரித்து, இண்டெக்ஸில் ஒரு வரி எழுதி, மெமோவைக் கோப்பில் குத்தினேன். குத்திய கை அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் இண்டெக்ஸைக் கட்டியது ஒன்றாம் புத்தகத்திலிருந்து. மெமோ கோப்பை யாரும் தொடவே இல்லை. நான் எண் போட்டு அடித்தது எல்லாம் எங்கள் ஆபீஸ் எண்கள். வெளியூரில் பதிவான பத்திரத்துக்கு எங்கள் எண் கிடையாது. கரீம் சார் விரல் வைத்துச் சோதித்ததும் எங்கள் புத்தகத்தில்தான். ஆயிரம் தடவை சோதித்திருந்தாலும் எல்லாம் சரியாகவே வந்திருக்கும்.

தேவசகாயத்திடம் சொன்னேன். பழைய மெமோ கட்டுகள் பரண்மேல் சாக்கில் கிடந்தன. இரண்டு பேரும் இறக்கி, தூசி தட்டி, பத்து வருடத்துக் கட்டுகளையும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். ஏழாவது கட்டுக்குள் இருந்தது. செட்டில்மெண்ட் பத்திரம், அறுபத்து மூன்று சென்ட், அதே சர்வே நம்பர், எழுதிப் பெறுபவர் குமாரத்தி கன்னியம்மாள். எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

தேவசகாயம் நல்லவன். பயந்தவன், அவ்வளவுதான். "முனுசாமி, இந்த ஒண்ண மட்டும் இண்டெக்ஸ்ல ஏத்திட்டு அந்தம்மாவுக்கு வேற சான்று குடுத்துடுவம்பா. மத்தத நாம மெல்லப் பார்த்துக்கலாம். எவனுக்குத் தெரியப் போவுது" என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியென்றே பட்டது. ஆனால் என் கையில் அந்தக் கட்டு கனத்தது. அந்த நாலு மாதத்தில் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றுகள் எத்தனை, அவற்றில் இன்னும் எத்தனை கன்னியம்மாள்கள் என்று எனக்கே தெரியாது. கட்டைத் தூக்கிக்கொண்டு கரீம் சார் மேஜைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் மெமோவை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தானே பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு மூன்று வேலை சொன்னார். நாலு மாதத்துச் சான்றுகளையும் மெமோக்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கன்னியம்மாளிடம் இன்றே ஒரு மனு வாங்கிப் புதுச் சான்று தயாராக வேண்டும். வாங்கப் போகிறவரிடம் அண்ணன் கொடுத்து வைத்திருக்கும் சான்றை, அதில் கையெழுத்துப் போட்டவனே போய்த் திரும்ப வாங்கி வர வேண்டும்.

வாங்க இருந்தவர் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நயினார். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வெளியே நின்றேன். விடவில்லை, என்னையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே, நான் கொடுத்த சான்று தப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று. கிரயப் பத்திரம் எழுதித் தயாராக வைத்திருந்தார் மனிதர். "அந்தப் பொண்ணு நிலத்த நான் வாங்கிட்டிருந்தா, நாளைக்கு என் வரப்புல வந்து நின்னு அழுவா. நான் என்னா பதில் சொல்லியிருப்பேன்?" என்றார். உள்ளே போய்ச் சான்றை எடுத்து வந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை அண்ணன்காரன் மட்டும் ஆபீஸுக்கு வந்து, கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டுப் போனான்.

கன்னியம்மாள் புதுச் சான்றை வாங்கிக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். தேவசகாயம் படித்தான், கோயிலில் படிப்பதைப் போலவே. கேட்டு முடித்ததும் சான்றை மடித்து இடுப்பில் செருகினாள். "நான்தான் சொன்னேனே சார்" என்றாள். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்?

நாலு மாதத்துச் சான்றுகளைத் தோண்டியதில் இன்னும் இரண்டு தப்பு அகப்பட்டது. நல்ல வேளை, இரண்டிலும் கிரயம் முடியவில்லை. விட்டுப்போன மெமோக்களை எல்லாம் ஏற்றினோம். மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். 'தவறுதலாக விடுபட்டுவிட்டது' என்று எழுதிக் கொண்டுபோனேன். 'தவறுதலாக' என்பதன்மேல் பென்சில் புள்ளி வைத்துத் திருப்பினார் கரீம் சார். இந்த முறை மட்டும் விளக்கமும் சொன்னார். எப்படி விடுபட்டது என்று எழுதுங்கள், நாளைக்கு இன்னொரு ஆபீஸில் கரையான் வந்தால் அவர்களுக்கு உதவ வேண்டும் என்றார். எட்டுப் பக்கம் எழுதினேன். சீட்டு, பெட்டி, எண் அடிப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியூர் மெமோ கோப்பு. என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அதை மற்ற ஆபீஸ்களுக்கு அனுப்பி வைத்தார்கள். இண்டெக்ஸ் பழுதான இடங்களில் பிற்பாடு அதை வைத்துத்தான் வேலை செய்தார்கள் என்று கேள்விப்பட்டபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அதே மாதம் என் பணிப் பதிவேட்டில் கண்டனம் ஒன்றும் ஏறியது. தவறான வில்லங்கச் சான்று வழங்கியதற்காக. பொறுப்பு தன்னுடையது என்று கரீம் சார் தனியாக எழுதியும் அவர்கள் கேட்கவில்லை. அப்போது எனக்கு மேல்நிலைக் குமாஸ்தாவாக, அதாவது யு.டி.சி.யாக, பதவி உயர்வு வர வேண்டிய நேரம். கண்டனம் இருந்தால் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். மேல்முறையீடு செய்தால் நிச்சயம் ரத்தாகும் என்று தேவசகாயம் வாதாடினான், அவனே ஒரு மனுவும் எழுதிக் கொண்டுவந்தான். அழகான மனு. அதில் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. மனுதாரர் அன்றைய தேதியில் இருந்த இண்டெக்ஸைப் பார்த்துத்தான் எழுதினார், ஆகவே அவர் வழங்கிய சான்று சரியானதே.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வரியை நாலைந்து தரம் படித்தேன். சான்று சரியென்றால் நிலம் அண்ணனுடையது. கையெழுத்துப் போடாமல் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் கீழே போய், இரண்டு வருடம் பிந்தித்தான் யு.டி.சி. ஆனேன். அந்த இரண்டு வருடமும் கன்னியம்மாள் தன் அறுபத்து மூன்று சென்ட்டிலும் வேர்க்கடலை போட்டாள்.